மாப்பிள்ளை வீட்டார் பார்த்த திரை

இராமதாஸ் தம்முடைய பயிற்சி நிலையத்தில் மனிதப் புலனுணர்வை ஒரு பாடமாக வைத்ததற்குக் காரணம், அது என்னவென்று அவருக்குத் தெரியாததுதான். தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

பாண்டிச்சேரி உப்பளத்தில் வெகுகாலம் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். 1985-இல் இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கி, ஓர் அறைக்கு ஏ.சி. பொருத்தி, வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று எழுதி மாட்டினார். பாதிக் கல்வி அதிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு பாடத்திட்டம் வேண்டியிருந்தது. பாரிசில் இருந்த மைத்துனர் அங்கே ஏதோ ஒரு கல்லூரியின் விவரப் புத்தகத்தை அனுப்பிவைத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த இராமதாஸ் அதைத் தாமே உட்கார்ந்து தமிழாக்கினார். புரிந்த பாடங்களில் பாதியை, நடத்துவதற்கு ஆள் வேண்டுமே என்று வெட்டினார். புரியாத ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். ‘மனிதப் புலனுணர்வும் கம்ப்யூட்டர் திரை அமைப்பும்’ என்ற அந்த வரி விளம்பரத்தில் கனமாகத் தெரிந்தது. அதை யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று நம்பினார்.

சொல்தா பாவாடை வந்து கேட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இந்தோசீனா வரைக்கும் போய்வந்து, ஓய்வூதியத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த மனிதர். அவருடைய மகன் முருகையன் முதல் அணியில் சேர்ந்திருந்தான். ஒருநாள் விளம்பரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, ‘ஐயா’வுக்கு உரிய பிரெஞ்சுச் சொல்லோடு ஆரம்பித்தார்.

“முசே, இதுல ஆறு பாடம் போட்டிருக்குது. பையன் அஞ்சுதான் நடக்குதுங்கறான். ஆறாவது எங்க?”

“அடுத்த வாரம் ஆரம்பிக்கறோம், முசே.”

“எந்தக் கெழம?”

பட்டாளத்துக்காரருக்குக் கிழமை சொல்லாமல் தப்ப முடியாது. இராமதாஸ் வாயில் வந்ததைச் சொன்னார். “செவ்வாக்கெழம.”

செவ்வாய்க்கிழமைக்கு ஆள் தேடி அவர் வெளியே எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. தட்டச்சுப் பிரிவில் ஹையர் கிரேடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தையல்நாயகி, மனோதத்துவத்தில் எம்.ஏ. படித்தவர். வேலைக்குச் சேரும்போது அந்தச் சான்றிதழையும் கொடுத்திருந்தார். இராமதாஸ் அதைப் பார்த்து, “இது இருந்துட்டுப் போகட்டும், டைப்பிங் ஸ்பீடு என்னா?” என்று கேட்டிருந்தார்.

தையல்நாயகியின் தகப்பனார் அம்மாவாசை, மில்லில் நெசவுப் பிரிவில் தறி ஓட்டியவர். மகள் கணக்கு படிக்கத்தான் சென்னைக்குப் போனாள். கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. மனோதத்துவத்தில் காலியாக இருந்தது. வாழ்க்கையின் பெரிய முடிவுகள் இப்படித்தான் ஆகின்றன என்பதை அந்தத் துறையின் புத்தகங்கள் எங்கேயும் சொல்லவில்லை. எழுபத்தாறில் பட்டத்தோடு திரும்பி வந்தபோது தெருவே திரண்டு வந்தது. ஒருத்தி தன் கணவன் மனசில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி மகளுக்குப் பேய் ஓட்டவேண்டும் என்றாள். இரண்டும் முடியாது என்று தெரிந்ததும், இதற்கா அவ்வளவு தூரம் போய்ப் படித்தது என்று கலைந்து போனார்கள். அம்மாவாசை மட்டும் சளைக்கவில்லை. யார் கேட்டாலும், “எம் பொண்ணு மனசு படிச்சிருக்குது” என்பார், தையல் படித்திருக்கிறது என்பதைப் போல.

அந்தப் படிப்புக்கு ஒன்பது வருடம் எந்த வேலையும் வரவில்லை. கடைசியில் இராமதாஸின் பொய்யில் வந்தது. வாரம் இரண்டு மணி நேரம். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. சம்பளம் கூடவில்லை. தையல்நாயகி அதைக் கேட்கவும் இல்லை. மற்ற நேரமெல்லாம் டைப்ரைட்டர்களின் சத்தத்துக்கு நடுவே நின்றவர், அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார் என்பதை எல்லாரும் கவனித்தார்கள். ஏனென்று யாரும் யோசிக்கவில்லை. கவனிப்பதும் யோசிப்பதும் வேறு வேறு என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

அந்த முதல் பாடத்தில் அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பெரிய மார்க்கெட்டின் மணிக்கூண்டுக் கடிகாரத்தை எல்லாரையும் வரையச் சொன்னார். தினமும் பார்க்கிற கடிகாரம். பாதிப் பேர் ரோமன் எண் போட்டார்கள், பாதிப் பேர் சாதா எண் போட்டார்கள், முருகையன் எண்ணே போடவில்லை. ஒவ்வொருவனும் தன்னுடையதுதான் சரி என்று சத்தியம் செய்தான். எது சரி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. பாண்டிச்சேரிக்காரர்கள் தாங்களே வரைந்து பார்த்துவிட்டு அப்புறம் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

“தெனம் பாக்கறதத்தான் நாம பாக்கறதே இல்ல” என்றார் தையல்நாயகி. “அதனால, திரையில எழுதிட்டோம், அவங்க பாத்துடுவாங்கன்னு நெனக்காதீங்க. எழுதறது ஒங்க வேல. பாக்கறது அவங்க வேல கெடயாது.”

முருகையன் கெட்டிக்காரன். புரோகிராம் எழுதுவதில் அவனை மிஞ்ச அந்த அணியில் ஆளில்லை. அவனிடம் ஒரே ஒரு பலவீனம். திரையில் எழுத்துகளைச் சிமிட்டவைக்க ஒரு வழி உண்டு என்று கண்டுபிடித்த நாள் முதல் எல்லாவற்றையும் சிமிட்டவைத்தான்.

“முருகையா, கூட்டத்துல நம்ம ஊரு போலீஸ்காரர் எப்படித் தெரியறார்?”

“செவப்புத் தொப்பி போட்டிருக்கார், டீச்சர்.”

“கூட்டத்துல எல்லாரும் செவப்புத் தொப்பி போட்டா?”

“சண்ட வந்தா யாரும் தடுக்க மாட்டாங்க, டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. அவன் சிமிட்டலைக் குறைத்தான், அதாவது பாதியாக.

அவருடைய வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. யார் திரை செய்தாலும் அதைக் கம்ப்யூட்டரே பார்த்திராத ஓர் ஆளிடம் காட்டவேண்டும். காட்டும்போது செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆள் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் குற்றம். புத்தகப்படி இது நேர்த்தியான சட்டம். புத்தகம் எழுதியவர்கள் பாண்டிச்சேரிக்கு வந்ததில்லை. இங்கே ஒருவர் தடுமாறும்போது பக்கத்தில் கை கட்டி நிற்பதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ஆகவே செய்தவன் விரலால் காட்டுவான். விரலைத் தடுத்தால் கண்ணால் காட்டுவான். வந்தவரோ, நாற்காலி போட்டு உட்காரவைத்து கோலி சோடாவும் வாங்கிக் கொடுத்த பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று, எதைக் காட்டினாலும் “நல்லாருக்குப்பா” என்பார். பயிற்சி நிலையத்தைப் பெருக்கும் ஆயம்மா ஒருமுறை, திரையை இன்னும் போடாதபோதே நல்லாருக்கு என்று சொன்னார்.

இந்த நிலையில்தான் ஷஹாபுதீன் வந்தார். அவருக்கு வாடகைப் பாத்திரக்கடை. அண்டா, தேக்சா, ஜமுக்காளம், மடக்கு நாற்காலி என்று ஊரில் எந்த விசேஷமானாலும் அவர் கடையிலிருந்துதான் வண்டி போகும். கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவர் மனைவி ஷாஜாதி. எந்தத் தேதியில் எந்த அண்டா எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அவர் தலையில் இருந்தது. தலைக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பாய் ஆசைப்பட்டார். கம்ப்யூட்டரும் புரோகிராமும் சேர்த்துத் தருவதாக இராமதாஸ் வாக்குக் கொடுத்தார். முருகையன் எழுதினான். ஆனி மாதம் ஷாஜாதியை அழைத்துவந்து காட்டினார்கள். கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்து தெரியும். முழுதாகப் பார்த்தார்.

“ரொம்ப நல்லாருக்கு, டீச்சர். கண்ணு பட்டுடும்” என்றார். அந்த வாரமே கம்ப்யூட்டர்ப் பெட்டி கடைக்குப் போயிற்று.

ஆவணியில் ஷஹாபுதீன் தனியாக வந்தார். இராமதாஸின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, டீ குடித்து, மழையைப் பற்றிப் பேசி, எழுந்து போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

“அந்தப் பொட்டிய எடுத்துக்கிடுங்க, முசே.”

“ஏன் பாய், ஒடஞ்சிருச்சா?”

“ஒடயல. அழகா இருக்குது. எங்க வீட்டுல அதுக்குப் பூத்தையல் போட்ட துணி விரிச்சி, மேல பிளாஸ்டிக்கு ரோசாவும் வெச்சிருக்காங்க. நான் கேட்டா நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க. ஆனா தொடமாட்டேங்கறாங்க.”

அவர் போனதும் இராமதாஸ் தையல்நாயகியைக் கூப்பிட்டார். இராமதாஸ் கோபக்காரர் இல்லை, நியாயஸ்தர். நியாயஸ்தர்களிடம்தான் தப்ப முடியாது.

“டீச்சர், நீங்க சொல்லிக்குடுக்கறது எப்படிப் பாக்கறாங்க, எப்படிப் புரிஞ்சுக்கறாங்கங்கறத. சரிதான? கடையில ஒரு அம்மாவுக்கே அது புரியலன்னா இந்தப் பாடம் எதுக்கு? பொங்கல் வரைக்கும் பாய்கிட்ட டைம் கேக்கறேன். அப்பவும் பொட்டி திரும்பி வந்துச்சுன்னா, செவ்வாயும் வெள்ளியும் அக்கவுண்ட்ஸுக்குப் போயிடும். பேரண்ட்ஸும் அதத்தான் கேக்கறாங்க.”

தையல்நாயகி சரி என்றார். டைப்ரைட்டர் அறைக்குத் திரும்பிப் போனார். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த இரண்டு மணி நேரம் அக்கவுண்ட்ஸுக்குப் போகப்போகிறது. அழவில்லை. அவர் அழுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்கு மாணவர்களின் தட்டச்சில் ஒரு பிழையைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை.

ஷாஜாதி ஏன் தொடவில்லை என்று அவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். தையல்நாயகி இரண்டு முறை கடைக்குப் போய்க் கேட்டார். இரண்டு முறையும் நல்லாருக்கு என்ற பதிலும் இஞ்சி டீயும் கிடைத்தன.

ஐப்பசியில் தையல்நாயகியைப் பெண் பார்க்க வந்தார்கள். முப்பத்துநாலு வயதில் வருகிற வரன் எப்படி இருக்கும்? கடலூரிலிருந்து, மனைவியை இழந்த ஒரு கூட்டுறவுச் சங்க எழுத்தர், அவருடைய தாயார், ஓர் அத்தை. அவருக்கு இது புதிதல்ல. வரிசையாகப் பல குடும்பங்கள் வந்து பார்த்து, “போயி சொல்லி அனுப்புறோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. சொல்லி அனுப்பியவர்கள் யாரும் கிடையாது. காப்பித் தட்டைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தாயார் ஆரம்பித்தார்.

“ஃபேன் என்னா இப்படிக் கடகடங்குது?”

“எண்ண போடணும்ங்க” என்றார் அம்மாவாசை.

“சன்னலு வடக்காலயா வெச்சிருக்கீங்க? காத்து எப்பிடி வரும்? கேசரியில நெய்யே காணம். பொண்ணு என்னா படிச்சிருக்குது?”

“மனசு படிச்சிருக்குதுங்க.”

“யாரு மனச?”

அம்மாவாசை கேசரித் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். தலை குனிந்திருந்த பெண்ணோ நிமிர்ந்து அந்த அம்மாளையே பார்த்தாள். தாயார் திரும்பவும் சன்னலைப் பார்த்தார், சுவரில் ஈரம் பூத்த இடத்தைப் பார்த்தார், நாற்காலியின் ஆடும் காலைப் பார்த்தார். உள்ளே வந்து காப்பி ஆறுவதற்குள், அந்த வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாத அத்தனையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லவும் சொன்னார். யார் மனமாவது நோகுமே என்ற கவலை இல்லை. அந்த வீட்டிலும் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எந்த விருந்தாளி கேசரியில் நெய் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அம்மாவாசை ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டார். இவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இந்த ஊரில் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து குற்றம் சொல்ல உரிமை பெற்ற ஒரே கட்சி மாப்பிள்ளை வீட்டார்தான்.

சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். தையல்நாயகி வாசல் வரை வந்து, “ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றி” என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். தெருமுனையில் அத்தை, “பொண்ணு ஒரு மாதிரியா இருக்குதே” என்று சொன்னதாகக் கேள்வி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷாஜாதியை அழைத்துவந்தார்கள். கடையிலிருந்த பெட்டியும் வந்திருந்தது. முருகையன் பக்கத்தில் நின்றான். மற்ற மாணவர்கள் சுவரோரம்.

“எதுக்கு டீச்சர் திரும்பத் திரும்பக் கூப்புடறீங்க? நான்தான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேனே.”

“இன்னிக்கி நீங்க பாத்திரக்கடைக்காரம்மா இல்ல. ஒங்க பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கீங்க. இந்தத் திரைதான் பொண்ணு.”

ஷாஜாதி சிரித்தார். “அப்ப இவன் யாரு?”

“பொண்ணப் பெத்தவன். பொண்ணப் பெத்தவன் இப்ப என்னா பேசுவான்?”

“அவன் என்னாத்த பேசறது? கையக் கட்டிக்கினு நிப்பான்.”

முருகையன் கையைக் கட்டிக்கொண்டான். தையல்நாயகியின் சட்டத்தை அவன் முழுதாகக் கடைப்பிடித்தது அன்றுதான்.

ஷாஜாதி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் மாறியது. ஆயம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

“ஆறிப்போயிருக்குது. சரி, பொண்ணக் காட்டுங்க.”

திரை வந்தது.

“என்னா இது, கண்ண கண்ண சிமிட்டுது? குடும்பத்துப் பொண்ணா இது?”

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டது. பெண்ணைப் பெற்றவன் தரையைப் பார்த்தான்.

“எல்லா எழுத்தும் ஒரே ஒசரமா நிக்குது, பட்டாளம் மாதிரி. எது பேரு, எது கணக்கு? இங்க பாரு, கரண்டிக்குப் பக்கத்துல கட்டிலு. கட்டிலுக்கும் கரண்டிக்கும் என்னா சம்பந்தம்?”

முருகையன் பொருள்களை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கியிருந்தான். அது சரியான வழி என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது.

“அண்டா மொத பக்கத்துல இருக்குது. தேக்சா கடைசிப் பக்கத்துல இருக்குது. ரெண்டும் ஒரே வண்டியில போறது. இவன் ரெண்டையும் பிரிச்சி வெச்சிருக்கான். பொட்டி வேற தெக்கால பாத்து ஒக்காந்திருக்குது. பையன் மீச வேற சரியில்ல.”

சுவரோரம் நின்றவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி நடந்து போய் ஒருத்தனின் பென்சிலைப் பிடித்து நிறுத்தினார்.

“வாய் சொல்றத எழுதாத. கண்ணும் வெரலும் எங்க நிக்குதுன்னு பாத்து எழுது.”

பிறகு ஷாஜாதியிடம், “பத்தாந்தேதிக்கு எத்தன அண்டா கையில இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

ஷாஜாதியின் விரல் அண்டா என்ற வரியில் போயிற்று. இரண்டு எண்கள் பக்கம் பக்கமாக, ஒரே அளவில், ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று வெளியே போனது, ஒன்று கையில் இருப்பது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே போனதன் மேல் இறங்கியது.

“எட்டு” என்றார்.

கையில் இருந்தது இரண்டு. சுவரோரம் பென்சில்கள் எல்லாம் ஒன்றாகக் கிறுக்கின. ஷாஜாதி அதன் பொருளைப் புரிந்துகொண்டார். மாப்பிள்ளையின் தாயாராகவே கோபத்தோடு முருகையனைப் பார்த்தார்.

“இப்படித்தான் ஆடியிலயும் ஏமாந்தேன்! வீராம்பட்டினத்துலேருந்து திருவிழாவுக்குக் கேட்டு வந்தாங்க. இந்தப் பொண்ண நம்பி, எட்டு அண்டா இருக்குதுன்னு வாக்கு குடுத்துட்டேன். வண்டி வந்து நிக்குது, உள்ள போயிப் பாத்தா ரெண்டு. அத்தினி பேரு முன்னாடி எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? என் வாக்கு தப்பினதே கெடயாது. எனக்குத்தான் வயசாயிடுச்சி, கண்ணு தப்பாப் படிக்குதுன்னு நெனச்சி, துணியப் போட்டு மூடிட்டேன்.”

சொல்லி முடித்ததும், தாம் யார் என்பது நினைவுக்கு வந்து திடுக்கிட்டார். “ஐயோ, பசங்க மனசு கஷ்டப்படப் போகுது.”

“கஷ்டப்படட்டும்” என்றார் தையல்நாயகி. “ஒங்க கண்ணு சரியாத்தான் இருக்குது. பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு இருந்தா யாரு கண்ணும் ஒண்ணாத்தான் பாக்கும். தப்பு பொண்ணு வீட்டுல.”

கார்த்திகை முழுவதும் முருகையன் திரையைப் பிரித்துக் கட்டினான். அகரவரிசை போயிற்று, வண்டியில் ஏற்றுகிற வரிசை வந்தது, பெரியது முதலில். கையில் இருப்பது நடுவில் பளிச்சென்று தனியாக நின்றது. வெளியே போனது வலது ஓரத்தில் மங்கலாக ஒதுங்கியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடும், தாராளமாக வெற்றிடமும். அந்த வெற்றிடத்துக்காக அவன் தையல்நாயகியோடு ஒரு வாரம் சண்டை போட்டான். அங்கே கடையின் பெயரைப் போடலாமே என்றான். “அவங்க கடையில ஒக்காந்துக்கினு கடை பேரத் தேடுவாங்களா?” என்று கேட்டார். சிமிட்டல் ஒரே இடத்தில் மட்டும் மிஞ்சியது: இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்கப்போனால் அந்த எண் சிமிட்டும். போலீஸ்காரர் ஒருவர் போதும் என்று அவனே சொன்னான்.

ஷாஜாதி இரண்டாம் தடவை பெண் பார்க்க வந்தார். இப்போது யாரும் சொல்லாமலே தாயார் பாத்திரத்தில் புகுந்துவிட்டார். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றார், அறை குளிர்கிறது என்றார். இராமதாஸும் கதவோரம் வந்து நின்றார். கேட்ட தேதிக்கெல்லாம் விரல் நேராக நடுவே போய் நின்றது. ஒருமுறைகூட நழுவவில்லை. தையல்நாயகி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

ஷாஜாதி எழுந்தார். பெண்ணைப் பெற்றவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி. போயி சொல்லி அனுப்புறோம்” என்றார். கிளம்பிவிட்டார்.

அந்த வாக்கியத்தின் பொருள் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தையல்நாயகிக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

“போச்சு, டீச்சர்” என்றார் இராமதாஸ்.

“வெரல் தப்பலயே, முசே.”

“வெரல் தப்பலதான். வாய் சொல்லிடுச்சே.”

வாய் சொல்வதை எழுதாதே என்று வகுப்பு முழுக்கச் சொன்னவர் தையல்நாயகி. ஆனாலும் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த வாய்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற குடும்பங்கள் இதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனபோது அவர் இரண்டு நாளில் மறந்திருக்கிறார். இந்த ஒரு பெண்ணை, இந்தத் திரையை, வேண்டாமென்று சொல்வதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கெடு முடியும்வரை பெட்டி பாத்திரக்கடைக்குத் திரும்பிப் போயிற்று. பொங்கலும் வந்தது. சொல்லி அனுப்பவில்லை. இராமதாஸ் எதுவும் பேசவில்லை. கணக்குப் பதிவியல் புத்தகங்கள் கொஞ்சம் வந்து அலமாரியில் ஏறியிருந்ததைத் தையல்நாயகி பார்த்தார். கேட்டு அறிவதைக் கைவிட்டுப் பார்த்து அறிவதே மேல் என்று முடிவு செய்தார். தை மாதம் ஒரு பிற்பகல், கல்யாண நாட்களில் கடை நெரிபடும் நேரமாகப் பார்த்து, பாத்திரக்கடைக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, வாழைத்தாருக்குப் பின்னால் நின்றார்.

பூத்தையல் துணியைக் காணவில்லை. பிளாஸ்டிக் ரோஜா மட்டும் பெட்டிக்குமேல் அப்படியே இருந்தது. காதுகுத்துக்குப் பாத்திரம் கேட்டு ஒருவர் வந்து நின்றார். ஷாஜாதி தேதி கேட்டார். முதலில் கண் திரைக்குப் போயிற்று. ஒரு நொடிதான். “தேக்சா நாலு தரலாம், அண்டா மூணுதான் வரும்” என்று சொன்னார். சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போய், அண்டாக்களைக் கையால் தட்டித் தட்டி எண்ணிவிட்டு வந்தார்.

தையல்நாயகி அதற்காக வருத்தப்படவில்லை. நம்புவதும் சரிபார்ப்பதும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதென்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. முதலில் திரையைத்தான் பார்த்தார். அடுத்து வந்தவருக்கும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கு உள்ளே எழுந்து போகவில்லை. சோடா பாதியில் நின்றிருந்தது.

“என்னா டீச்சர்!” ஷாஜாதியின் குரல் தெருவைக் கடந்து வந்தது. “பொண்ணு வீட்டுக்காரங்க இப்படியா மறஞ்சி நின்னு எட்டிப் பாக்கறது? உள்ள வாங்க!”

தையல்நாயகி தெருவைக் கடந்து போனார். வாடிக்கைக்காரர்கள் வழி விட்டார்கள்.

“நீங்க சொல்லி அனுப்புறோம்னு சொன்னீங்க...”

“அனுப்பினேனே! முந்தாநேத்தே பாய்கிட்ட சொல்லி முசேகிட்ட அனுப்பினேன். பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது, வெச்சிக்கிறோம்னு. சொல்லலியா அவரு?”

சொல்லவில்லை. இராமதாஸ் செய்தியைக் கேட்ட கையோடு அச்சகத்துக்குப் போயிருந்தார். அடுத்த அணிக்கான விளம்பரத்தில் ஆறாவது பாடத்தை முதல் பாடமாக மேலே ஏற்றி, பெரிய எழுத்தில் போடச் சொல்வதற்காக. அந்த அவசரத்தில், பாடத்தை நடத்துகிறவரிடம் சொல்ல மறந்துவிட்டார். அக்கவுண்ட்ஸ் புத்தகங்கள் வேறு வகுப்புக்கு வந்தவை என்பதும் பிறகு தெரிந்தது.

தையல்நாயகி பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

“சிரிக்காதீங்க, டீச்சர். புடிச்சிருக்குதுன்னா கொற இல்லேன்னு அர்த்தமா? ஜமுக்காளத்த எங்க கொண்டுபோயி வெச்சிருக்கான் பாருங்க, அந்தப் பையன்.”

“எங்க?” என்று நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டுக்கொண்டார் தையல்நாயகி. குறைகளைச் சொல்லி முடிக்க ஷாஜாதிக்கு மாலை அஸர் தொழுகை நேரம் வரை பிடித்தது. அவற்றில் பாதிக்கு மேல் நியாயமானவை அல்ல.